நிழல்களுக்கான உபகுழு

கோகிலன் நாவல் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. எழுதி முடித்தவன் அதைப் போட்டிக்கு அனுப்பாமல் இருந்திருக்கலாம். நல்ல நேரமோ கெட்ட நேரமோ, அனுப்பிவிட்டான்.

அவனுக்கு வேலை புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில். மெஷின் பழுதானால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். பழுதாகாத நேரத்தில், அது பழுதாவதற்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருந்த நேரமெல்லாம் கேண்டீன் மூலையில் உட்கார்ந்து, கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டித் தட்டியே 'பகல்நாடு' என்ற நாவலை எழுதினான். கட்டைவிரல் வீங்கிப்போனது. கம்பெனி டாக்டர் அதை வேலையிடக் காயம் என்று எழுதி எம்.சி. விடுப்பு கொடுத்தார். நாவல் எழுதியதற்காக அவனுக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

பகல்நாட்டில் மந்திரம் நிழலில் இருக்கிறது. ஒருவர் வெயிலில் நின்று இன்னொருவரைப் பார்த்து "எடுத்துக்கொள்" என்று சொன்னால் போதும். நிழல் காலைவிட்டுக் கழன்று, வாங்கியவர் காலில் போய் ஒட்டிக்கொள்ளும். கூடவே அவருடைய திறமையும் போய்விடும். கொல்லரின் நிழலை வாங்கியவனுக்கு இரும்பு வளையும். தாலாட்டுப் பாடும் தாயின் நிழலை வாங்கியவன் ஒரு படையையே தூங்க வைப்பான். கொடுத்தவருக்கு வலியோ நோவோ கிடையாது. ஒரே குறை, அதற்குப் பிறகு அவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். கடையில் முதலில் வந்து நின்றாலும் கடைசியில்தான் சாமான் கிடைக்கும்.

நாட்டை ஆளும் பேரமைச்சன் கார்முகன் இப்படி ஆயிரக்கணக்கான நிழல்களை வாங்கிக்கொண்டு திருப்பித் தராதவன். அவன் நிற்கிற இடத்தில் பட்டப்பகலிலும் விளக்கு ஏற்ற வேண்டும். கதவிடுக்கில் நுழையும் நிழல் ஒற்றர்கள், அமைச்சனைக் கவிழ்க்கப் பார்க்கும் துணையமைச்சன், விஷம், வாள் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் வெயிலாள் என்ற இளவரசி வெல்கிறாள். அத்தனை நிழல்களும் அவள் காலடிக்கு வந்து சேர்கின்றன. விடிந்ததும் அவள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவர் நிழலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் ஒற்றை நிழலோடு நிற்கிறாள்.

அந்தக் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்த அன்று கோகிலன் கேண்டீனிலேயே அழுதுவிட்டான். எதிரில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த சக தொழிலாளி இல்ஹாம், சம்பல் காரம்போல என்று நினைத்துத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தான்.

"பேசாம நெட்ல போட்டு விடுங்களேன்," என்றாள் மனைவி தனுஜா.

"இல்ல தனு. புக்கா பாக்கணும். கையில புடிச்சுப் பாக்கணும் லா."

ஜார்ஜ்டவுனில் ஒரு கடையின் மாடியில் இயங்கி வந்தது, தீவு மற்றும் பெருநிலத் தமிழ்ப் படைப்பாளர் பேரவை. அது நாவல் போட்டி அறிவித்திருந்தது. வென்ற நாவலைப் பேரவையே அச்சிட்டு வெளியிடும். போட்டிக்கு வந்தது ஒரே நாவல். அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசுக்கான தரத்தை எந்தப் படைப்பும் எட்டவில்லை என்றும், இரண்டாம் பரிசுக்குக் கடும் போட்டி நிலவியது என்றும் நடுவர் குழு அறிவித்தது. பரிசோடு ஓர் உறுப்பினர் அட்டையும் கொடுத்தார்கள்.

செயற்குழு அவனை நேரில் அழைத்தது. கோகிலன் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறித் தீவுக்குப் போனான். பேரவையில் யார் வாய் திறந்தாலும் முதலில் எல்லாரையும் அவரவர் பட்டத்தோடு வரிசையாக விளித்தாக வேண்டும். தலைவர் 'செந்தமிழ்ச் சிகரம்' டத்தோ விநாசித்தம்பி; டத்தோ என்பது அரசாங்கம் கொடுத்த பட்டம். துணைத்தலைவர் 'சொற்கொண்டல்' வாசு. செயலாளர் ஜெகதீஸ்வரிக்கு இன்னும் பட்டம் கொடுக்கவில்லை. ஆகவே அவரை 'பட்டத்துக்குரிய' என்று விளிக்க வேண்டும். கோகிலன் வியர்க்க வியர்க்க எல்லாரையும் விளித்து முடித்தான்.

"கணக்காய்வாளர விட்டுட்டீங்க," என்றார் ஜெகதீஸ்வரி.

"அவரு வரலியேக்கா."

"வரலைன்னாலும் கூப்பிடணும் தம்பி. விதி அது. மொதல்லேருந்து சொல்லுங்க."

இரண்டாம் முறை சரியாகச் சொன்னான். தலைவர் விநாசித்தம்பி புன்னகைத்தார். "தம்பி, உங்கள் நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை. நல்ல படைப்பை அவசரப்பட்டு வாசிக்கக்கூடாது என்பது என் கொள்கை. கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். வாசித்ததாகவே எடுத்துக்கொள்கிறேன்."

கோகிலன் நிழல் மந்திரத்தை விளக்கினான். ஆரம்பத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். அமைச்சன் நிழல்களை வாங்கிக்கொண்டு திருப்பித் தராத இடம் வந்ததும் தலையாட்டல் நின்றது.

கோகிலனுக்குப் பேரவையின் வழக்கம் தெரியாது. அங்கே பொதுக்கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர், தலைவரைப் பார்த்து, "என் கைய உங்ககிட்ட ஒப்படைக்கிறேன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். அன்றிலிருந்து தலைவர் தன் கையைத் தூக்கினால் அவருடைய கையும் சேர்ந்து தூக்கியதாகக் கணக்கு. வயதானவர்கள் வசதிக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. விநாசித்தம்பியின் வலது கையில் இப்போது முந்நூற்றுச் சொச்சம் கைகள் இருந்தன. கூட்டத்துக்கு நேரில் வருகிறவர்களோ நாற்பது பேர். அடுத்த மாதம் பொதுக்கூட்டம்.

"இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார் தலைவர்.

"யாரும் சொல்லல டத்தோ. கற்பனைதான்."

"கற்பனை," என்று தலைவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு துணைத்தலைவரைப் பார்த்தார். வாசு ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் வாசு நேராகத் தொழிற்சாலை வாசலுக்கே காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கோகிலனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தம்பி, என்னா துணிச்சல் லா உனக்கு! கெழவனோட மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டியே! பத்து வருஷமா நான் சொல்ல நெனச்சத நீ கதையா சொல்லிட்ட."

"அண்ணே, நான் அவர எழுதல."

"ஆமா ஆமா, அப்படித்தான் சொல்லணும். நல்லா சொல்ற." வாசு கண்ணடித்தார். "நான் இன்னும் படிக்கல, ஆனா ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன். சரி, அந்த அமைச்சன கவுக்கிறது யாரு? தொணையமைச்சனா?"

"கவுக்கப் பாப்பான். ஆனா அவனும் அந்த நிழலயெல்லாம் தானே வச்சுக்கலாம்னுதாண்ணே செய்வான்."

வாசு கையை விட்டார். முகம் சிறுத்துவிட்டது. "உன்னைய யாரு அனுப்புனா? டத்தோவா?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். கோகிலன் வாசலிலேயே நின்றான். உள்ளே மெஷின் பழுதாகி இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த வாரமே பேரவை 'நிழல்களுக்கான உபகுழு' என்று ஒன்றை அமைத்தது. தலைவர் அணியிலிருந்து மூவர், துணைத்தலைவர் அணியிலிருந்து மூவர், நடுநிலைக்கு ஒருவர். நடுநிலையாளரை இரண்டு அணியும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. உபகுழு நாவலை வாசிக்கவில்லை. வாசித்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று முதல் கூட்டத்திலேயே முடிவாகியிருந்தது.

பேரவையில் உள்ள எந்தப் பதவியும் நாவலில் கெட்டவனுக்கு இருக்கக்கூடாது என்பது முதல் தீர்மானம். தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் போய்விட்டால் மிச்சம் யார் என்று கோகிலன் கேட்டான். பேரவையில் இல்லாத பதவி எது என்று நெடுநேரம் யோசித்து, வாசகர் என்று ஒருவர் சொன்னார். கார்முகனை வாசகனாக மாற்றச் சொன்னார்கள். கோகிலன் முடியாது என்றான். அப்படியானால் பறவையாக மாற்றலாம் என்றார்கள். பேரவைச் சின்னத்தில் மயில் இருப்பதால் மயிலைத் தவிர. அடுத்த கூட்டத்தில், நிழலைக் கொடுத்தவரை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற மந்திர விதியை ஓட்டுக்கு விட்டுத் திருத்தினார்கள். திருத்தப்பட்ட விதியின்படி நிழலைக் கொடுத்தவர் நிம்மதியாக இருப்பார், அவருக்கு ஆண்டுதோறும் நாள்காட்டி அனுப்பப்படும்.

கோகிலன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டான். அமைச்சனைக் கரிச்சான் குருவியாக மாற்றினான். நாள்காட்டியையும் எழுதிச் சேர்த்தான். வீட்டில் தனுஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு குருவி எப்படிங்க ஒரு நாட்ட ஆளும்?"

"அது பெரிய குருவி தனு."

"ஏங்க இவ்ளோ எறங்கிப் போறீங்க?"

"கடைசி அத்தியாயத்துல அவங்க கை வைக்கல. அது மட்டும் அப்படியே வந்தா போதும். அது இருந்தா மத்ததெல்லாம் நான் பொறுத்துக்குவேன்."

அவன் நெஞ்சார நம்பியதும் ஆசைப்பட்டதும் அது ஒன்றைத்தான். வெயிலாள் நிழல்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது அச்சில் வர வேண்டும்.

மூன்றாம் தீர்மானம் அதைப் பற்றியது. திருப்பிக் கொடுப்பது தவறான முன்னுதாரணம் என்று இரண்டு அணியினரும் ஒருமனதாகச் சொன்னார்கள். பேரவை வரலாற்றில் இரண்டு அணியும் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை என்பதால் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெயிலாள் நிழல்களைத் தன்னிடமே வைத்துப் பராமரிப்பதாக முடிவை மாற்ற வேண்டும். கோகிலன் நாவலைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அது இனி ஆகாது என்றார் ஜெகதீஸ்வரி. போட்டிக்கு வந்த படைப்பு பேரவையின் சொத்து. பொதுக்கூட்டம் ஒத்துக்கொண்டால்தான் திருப்பித் தர முடியும். அதுவரை அவன் அதை வேறெங்கும் வெளியிடக்கூடாது. அவர் யாருக்கும் வேண்டுமென்று கெடுதல் செய்கிறவர் அல்ல. விதி என்றால் தெய்வத்தையும் வரிசையில் நிற்க வைப்பார், அவ்வளவுதான்.

பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். நாவலை யாரும் படிக்கவில்லை என்றாலும் வாட்ஸ்அப்பில் கதை பரவியிருந்தது. நிழலைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று சிலரும், பேரவை மந்திரவாதி ஒருவரைச் சேர்த்திருக்கிறது என்று சிலரும் பேசிக்கொண்டார்கள். பின்பக்கத்தில் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. ஆட்டிறைச்சி வாசனை முன்வரிசை வரைக்கும் வந்தது.

தலைவர் எழுந்தார். விளிக்க வேண்டியவர்களை எல்லாம் விளித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினார். "அன்பர்களே, என்னிடம் கைகள் இருக்கின்றன என்கிறார்கள். ஆம், இருக்கின்றன. மறைக்கவில்லை. தாய் தன் பிள்ளையை வைத்திருப்பதுபோல் வைத்திருக்கிறேன். நான் கேட்கிறேன், இந்தக் கைகளை ஒருநாளாவது தவறாகப் பயன்படுத்தியிருக்கிறேனா? என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு எதற்காவது இவற்றைத் தூக்கித் தொந்தரவு கொடுத்திருக்கிறேனா?"

மண்டபம் கைதட்டியது. அடுத்து வாசு வந்தார். "தலைவர் பெருந்தன்மையாளர். அதனால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. இந்த வயதில் ஒரு மனிதர் முந்நூறு கைகளைத் தனியாகச் சுமக்கலாமா? பாதியை என்னிடம் கொடுத்தால் அது ஜனநாயகம். முழுவதையும் கொடுத்தால் முழு ஜனநாயகம்." அதற்கும் கைதட்டினார்கள்.

நாவலின் முடிவை மாற்றும் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. எதிர்த்துக் கோகிலன் ஒருவன் கை தூக்கினான். ஆதரித்துத் தலைவர் ஒரு கையைத் தூக்கினார். ஜெகதீஸ்வரி முந்நூற்றுச் சொச்சம் என்று எழுதிக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது.

தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவன் தோளில் கை வைத்தார். உண்மையாகவே அவருக்கு அவன்மேல் இரக்கம் இருந்தது. "மனசைத் தளரவிடாதீங்க தம்பி. பெரும்பான்மை முடிவு. உங்க அப்பாவே உங்களை எதிர்த்துத்தானே ஓட்டுப் போட்டிருக்கிறார்."

"எங்கப்பாவா?"

"உங்க அப்பா இங்க பழைய உறுப்பினர் இல்லையா? ஆஸ்பத்திரியில இருக்கும்போது நான் பார்க்கப் போனேன். அப்ப கையை என்னிடம் ஒப்படைச்சார்."

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கோகிலன்தான். பேச்சு நின்றுபோன பிறகும் அவர் விரல்கள் அவன் விரல்களை விடவில்லை. அந்தக் கை இப்போது அவனுக்கு எதிராக எழுந்திருக்கிறது என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"எங்கப்பாவோட கையத் திருப்பிக் குடுங்க டத்தோ."

"ஒப்படைச்சவர் நேரில் வந்து கேட்கணும்."

"அவரு செத்துட்டாரு!"

"அதனாலதானே வர முடியல," என்றார் தலைவர் பொறுமையாக. "வர முடியாதவங்களுக்காகத்தான் தம்பி இந்த ஏற்பாடே."

கோகிலன் மேடைக்குப் போனான். ஒலிவாங்கியைப் பிடித்தான். யாரையும் விளிக்காமல் பேசத் தொடங்கியதால் மண்டபமே திடுக்கிட்டது. "என் நாவல எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க. பரிசு வேணாம். அச்சடிக்க வேணாம். இத தீர்மானமா எடுத்துக்குங்க. அதுக்கு முன்னால, நீங்க மாத்தச் சொன்ன அந்தக் கடைசி அத்தியாயத்த ஒரு தடவ படிச்சுக் காட்டுறேன்."

கைப்பேசியைத் திறந்து படித்தான். வெயிலாள் கொல்லரைக் கூப்பிட்டாள், வண்ணானைக் கூப்பிட்டாள், தாலாட்டுப் பாடியவளைக் கூப்பிட்டாள். ஒவ்வொருவராக வந்து தன் நிழலை வாங்கிக்கொண்டு போனார்கள். பேரவை அமைந்த நாளிலிருந்து அந்த மண்டபத்தில் ஒரு கதையை யாராவது வாய்விட்டுப் படித்தது அதுவே முதல் தடவை. சிலர் உண்மையிலேயே கேட்டார்கள்.

படித்து முடித்தபோது பின்வரிசையிலிருந்து யோகலட்சுமி எழுந்து வந்தார். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டு அறுவைச் சிகிச்சையின்போது கையை ஒப்படைத்திருந்தார். மூட்டு எப்போதோ சரியாகிவிட்டது. கையைத் திருப்பிக் கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"டத்தோ, நான் நேர்ல வந்திருக்கேன். என் கையத் தாங்க."

அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார். பிறகு நாலைந்து பேர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை கதவு வரைக்கும் நீண்டது. தலைவரின் முகம் வெளுத்தது. கோகிலனுக்கு மேடையிலேயே கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்துப் பொருளாளர் பின்பக்கக் கதவைத் திறந்து, "சாப்பாடு ரெடி, மட்டன் கொஞ்சமாத்தான் இருக்கு!" என்றார்.

போன வருடம் வாசு அணி முந்திக்கொண்டதில் பாதிப் பேருக்கு ஆட்டிறைச்சி கிடைக்கவில்லை. அந்தக் காயம் ஆறியிருக்கவில்லை. வரிசை அப்படியே திரும்பி, வரிசை கலையாமல், பின்பக்கம் போனது. மண்டபத்தில் நாலு பேர் மிஞ்சினார்கள். தலைவர், கோகிலன், யோகலட்சுமி, ஜெகதீஸ்வரி.

"நான் கையக் குடுத்துட்டேம்மா," என்றார் தலைவர் யோகலட்சுமியிடம், கொஞ்சம் தெம்பு வந்தவராக. "ஒண்ணுதானே."

ஜெகதீஸ்வரி தீர்மானத்தை வாசித்தார். நாவலைத் திருப்பிக் கொடுப்பதை ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள். கோகிலனும் யோகலட்சுமியும் ஆதரித்துக் கை தூக்கினார்கள். தலைவர் எதிர்த்துக் கை தூக்கினார். எண்ணுவதற்குள், ரசம் வரவில்லை என்று யாரோ உள்ளேயிருந்து செயலாளரைக் கூப்பிட்டார்கள்.

"எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் கைய எறக்கக்கூடாது. விதி," என்று சொல்லிவிட்டு ஜெகதீஸ்வரி போனார்.

ரசம் வர நேரமானது. யோகலட்சுமி மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். "ரொம்ப வருஷமா தூக்கல தம்பி. வலிக்குது. பரவாயில்ல," என்றார். தலைவருக்குத் தொண்டர் ஒருவர் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். தட்டில் கடைசி மூன்று துண்டு ஆட்டிறைச்சி. அதற்குமேல் இல்லை என்றும் சொன்னார். தலைவர் தட்டைப் பார்த்தார். வலது கையை இறக்கி இடது கையைத் தூக்கினார். பிறகு அவரே அதையும் இறக்கிவிட்டார். இடது கையால் ஓட்டுப் போடுவது மரபல்ல என்று தீர்மானம் கொண்டுவந்தவர் அவர்தான். செயலாளர் வருவதற்குள் ஒரு வாய் சாப்பிட்டுவிடலாம் என்று வலது கையைத் தட்டில் வைத்தார்.

ஜெகதீஸ்வரி திரும்பி வந்தார். தூக்கியிருந்த கைகளைப் பேனாவால் சுட்டிச் சுட்டி எண்ணினார்.

"ஆதரவு ரெண்டு. எதிர்ப்பு இல்ல."

"அம்மா ஜெகதீஸ்வரி, என் கையில முந்நூறு..."

"தூக்கியிருக்கிற கையத்தான் டத்தோ எண்ண முடியும்," என்று எழுதி முடித்தார். நாவல் கோகிலனுக்குத் திரும்பியது.

யோகலட்சுமி கையை இறக்கித் தேய்த்துவிட்டுக்கொண்டார். அந்தக் கதையைத் தன் போனுக்குப் பெரிய எழுத்தில் அனுப்பச் சொல்லி நம்பரும் கொடுத்தார். கோகிலன் அனுப்பினான். ஆனாலும் அங்கேயிருந்து போக அவனுக்குக் கால் வரவில்லை. தலைவரின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"எங்கப்பாவோட கை, டத்தோ?"

"அதை அடுத்த பொதுக்கூட்டத்துல பார்த்துக்கலாம் தம்பி." தலைவர் எலும்பிலிருந்து கறியைப் பிரித்துக்கொண்டே, ஆறுதலாகவே சொன்னார். "கவலைப்படாதீங்க. அவரும் இப்ப என்னோடதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார்."

கோகிலன் அந்தக் கையையே பார்த்தான்.

"எங்கப்பா சைவம் டத்தோ," என்றான்.

தலைவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அதைத் தட்டோரம் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.